பற்றும் பற்றுக்கோடும்



நான் ஆசிரியனாகப் பணியாற்றிய நாள்களில் ஒரு முறை, வகுப்பில் திருக்குறளின் துறவு என்னும் அதிகாரத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது. கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, உலகப் பொருள்மேல் ஆசையே கூடாது என்றால், நாங்கள் எதற்காகப் படிக்க வேண்டும்? நிறைய மதிப்பெண் வாங்க ஆசைப்படுங்கள் என்று காலையில் நீங்கள்தானே சொன்னீர்கள்?” என்று வினவினான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் விடை கூறவில்லை. அன்று அவனுக்குக் கொடுக்கத் தவறிய விடையை இன்று உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் திருப்புகலூர் என்றோர் ஊர் உண்டு. சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் அருளிய பெரியபுராணம், அவ்வூரில் நிகழ்ந்தனவாக இரண்டு செய்திகளைக் கூறுகின்றது. இரண்டும் பொன்னைப் பற்றியவை.

முதற் செய்தி திருநாவுக்கரசரைப் பற்றியது. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பெருமான், தம் முதுமைக் காலத்தில் புகலூர்க் கோயிலில் உழவாரத் தொண்டு செய்து வந்தார். உழவாரம் என்பது புல்லைச் செதுக்கும் கருவி. அக்கருவி பட்ட இடங்களிலெல்லாம் பொன்னும் நவமணிகளும் பரற்கற்களோடு கலந்து ஒளி வீசின. நாவுக்கரசர் கற்களையும் பொன்னையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. அனைத்தையும் ஒன்றாக வாரி அருகிலிருந்த குளத்தில் எறிந்துவிட்டுத் தம் பணியைத் தொடர்ந்தார்.

இரண்டாம் செய்தி, அவருக்குப் பின் வந்த சுந்தரரைப் பற்றியது. திருவாரூரில் அவருடைய மனைவியார் பரவையார், பங்குனி உத்திரத் திருவிழாவில் கொடை வழங்குவதற்குப் பொன் தேவைப்பட்டது. அதனை வேண்டியே சுந்தரர் புகலூருக்கு வந்தார். இறைவனைப் பாடித் தொழுதபின், திருப்பணிக்காகக் கொணர்ந்திருந்த செங்கற்களைத் தலைக்கு அணையாக வைத்துக் கண்ணயர்ந்தார். விழித்தபோது செங்கற்கள் பொற்கட்டிகளாக மாறியிருந்தன. அவர் அகமகிழ்ந்து, இறைவனைப் பாடி, அப்பொன்னை எடுத்துக்கொண்டு ஆரூருக்குச் சென்றார்.

ஊர் ஒன்று, இறைவன் ஒருவன், பொன்னும் ஒன்றே. ஒருவர் எறிந்தார், மற்றொருவர் கேட்டுப் பெற்றார். நம் முன்னோர் இவ்விருவருள் ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்தவில்லை. நாவுக்கரசரின் பாடல்களை நான்கு, ஐந்து, ஆறாம் திருமுறைகளாகவும், சுந்தரரின் பாடல்களை ஏழாம் திருமுறையாகவும் தொகுத்து ஒருசேரப் போற்றினர். பொன் தன்னளவிலேயே உயிரைப் பிணிக்கும் கயிறு எனின், சுந்தரர் எங்ஙனம் அடியார் ஆவார்? எனவே, கட்டு என்பது பொருளில் இல்லை. பொருளைப் பற்றும் முறையில்தான் இருக்கின்றது.

இதனைச் சைவ சித்தாந்தம் எவ்வாறு விளக்குகின்றது என்று பார்ப்போம். மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞானபோதம் 12 நூற்பாக்களே கொண்ட சிறு நூல். எனினும் சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கனுள் அதுவே தலையாயது. இறைவன், உயிர், தளை ஆகிய மூன்றையும் பதி, பசு, பாசம் என்று சித்தாந்தம் கூறும். பாசம் ஆணவம், கன்மம், மாயை என மூவகைப்படும். ஆணவம் என்பது செம்பிற் களிம்புபோல் உயிரோடு தொன்றுதொட்டே ஒட்டியிருக்கும் அறியாமை. ‘யான்’, ‘எனது’ என்னும் முனைப்பு அதிலிருந்து தோன்றுகின்றது. கன்மம் என்பது நாம் செய்த வினை. மாயை என்பது நம் உடலும், மனம் முதலிய கருவிகளும், நாம் வாழும் உலகமும், நுகரும் பொருள்களும் ஆகும்.

இங்கே நீங்கள் ஊன்றி நோக்க வேண்டிய ஒன்று உண்டு. உலகத்தையும் உடலையும் சித்தாந்தம் பகையாகக் கருதவில்லை. இருளில் இருக்கும் உயிருக்கு, கதிரவன் எழும்வரை சிறிதளவு வழிகாட்டும் விளக்கு என்றே அது மாயையைக் கருதுகின்றது. மெய்கண்டாரின் மாணாக்கராகிய அருணந்தி சிவாசாரியார் இதனை மேலும் ஓர் உவமையால் தெளிவாக்குகின்றார். துணி வெளுப்பவர், அழுக்கேறிய துணியில் சாணத்தையும் உவர்மண்ணையும் ஏற்றுவார். பார்ப்பவருக்கு அழுக்கின்மேல் அழுக்கை ஏற்றுவதுபோல் தோன்றும். ஆனால் அந்தப் புதிய அழுக்கே பழைய அழுக்கைக் கரைத்துக்கொண்டு தானும் நீங்கிவிடும். உலக நுகர்ச்சியும் அத்தகையதே. அது நம்மைப் பழக்கிப் பக்குவப்படுத்துவதற்காகத் தரப்பட்டது. என்றென்றும் அணிந்துகொள்வதற்காக அன்று.

அங்ஙனமாயின் தவறு எங்கே நேர்கின்றது? உயிருக்கு ஓர் இயல்பு உண்டு. அது எதனைச் சார்கின்றதோ அதன் வண்ணத்தைப் பெறும். செம்மலரின் அருகே வைத்த பளிங்கு சிவப்பாகத் தோன்றும். நீலமலரின் அருகே வைத்தால் நீலமாகத் தோன்றும். வேடரிடையே வளர்ந்த அரசகுமாரன் தன்னையும் ஒரு வேடன் என்றே எண்ணிவிடுவான். ஐம்புலன்களாகிய வேடரிடையே வளர்ந்த உயிரும் தன்னை மறந்து, புலன் இன்பமே தான் என்று மயங்குகின்றது. ஞானாசிரியன் வந்து உண்மையை உணர்த்தும்போது அம்மயக்கம் தெளிகின்றது. சிவஞானபோதத்தின் எட்டாம் நூற்பாவின் கருத்து இதுவே.

சார்பின்றி நிற்க உயிரால் இயலாது என்பதும் இதிலிருந்து பெறப்படும். ஆகையால் ‘விடு, விடு’ என்று மட்டும் சொல்வது பாதி அறிவுரையே. முல்லைக்கொடியை முள்வேலியிலிருந்து பிரித்தெடுத்தால் மட்டும் போதாது. படர்வதற்கு ஒரு கொழுகொம்பும் நட வேண்டும். இல்லையேல் அது மீண்டும் வேலியையே நாடும். கத்தியைப் பற்றியிருக்கும் குழந்தையின் கையைத் தாய் வலிந்து பிரிப்பதில்லை. அழகியதொரு பொம்மையைக் காட்டுகின்றாள். கை தானே விரிகின்றது. பற்றை விடுவதற்கே பற்றற்ற இறைவனைப் பற்ற வேண்டும் என்று வள்ளுவர் துறவு அதிகாரத்தின் இறுதியில் கூறுவதன் நுட்பமும் இதுவே. வைணவ மரபும் இதனையே சொல்கின்றது. உணவும் நீரும் தாம்பூலமும் தனக்குக் கண்ணனே என்றிருக்கும் ஒரு பெண்ணின் நெஞ்சை நம்மாழ்வார் திருவாய்மொழியில் காட்டுகின்றார். அங்கே ஆசை அழியவில்லை; அதன் திசை மாறியிருக்கின்றது.

இவ்விடத்தில் ஒரு மாணவர், “அப்படியானால் இறைவன் பெயரைச் சொல்லிக்கொண்டு எதையும் நுகரலாமோ?” என்று கேட்கக்கூடும். சுந்தரர் வரலாறே அதற்கும் விடை தருகின்றது. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, “உன்னைப் பிரியேன்” என்று அவர் சூளுரைத்தார். பின்னர் ஆரூர் நினைவு மிகுதியால் அச்சூளை மீறி ஊர் எல்லையைக் கடந்தார். அக்கணமே இரு கண்களின் பார்வையையும் இழந்தார். பாடியும் அழுதும் வழி நடந்த பின்னரே, காஞ்சியில் ஒரு கண்ணையும் ஆரூரில் மற்றொரு கண்ணையும் பெற்றார். இறைவனுக்குத் தோழரேயாயினும் சொல் பிறழ்ந்தமைக்கு விலக்கு இல்லை. அவர் பொன் வேண்டியதற்காகத் தண்டிக்கப்படவில்லை. இல்லறம் மேற்கொண்டதற்காகவும் தண்டிக்கப்படவில்லை. ஆசையின் பொருட்டு வாய்மையைக் கைவிட்டபோதுதான் பார்வை போயிற்று. நமக்கும் அளவுகோல் அதுவே. ஒரு பொருளுக்காக நம் சொல்லை விற்கத் துணிந்தோமானால், அப்பொருள் நம் கையில் இல்லை. நாம் அதன் கையில் இருக்கின்றோம்.

பிறருக்குக் கூறுவது எளிது. என் வாழ்வில் நேர்ந்த ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றேன். நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியின் முற்றத்தில் ஒரு வேப்பங்கன்றை நட்டு, இருபது ஆண்டுகள் வளர்த்தேன். ஓய்வு பெற்ற மறு ஆண்டு, புதிய வகுப்பறைகள் கட்டுவதற்காக அதனை வெட்டிவிட்டார்கள் என்று கேள்வியுற்றேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை, சினமே மிகுந்தது. விடியற்காலையில்தான் ஓர் எண்ணம் தோன்றியது. அதே தெருவில் எத்தனையோ மரங்கள் அதற்கு முன்னரும் வீழ்ந்தன. ஒன்றுக்காகவும் நான் விழித்திருந்ததில்லை. அப்படியாயின் நான் வருந்தியது மரத்திற்காகவா, ‘என்’ என்னும் சொல்லுக்காகவா? இத்தனை ஆண்டுகள் பாடம் சொன்னவனுக்குச் செம்பிற் களிம்பு இன்னதென்று அன்றுதான் விளங்கிற்று. சில நாள் கழித்து அங்கே சென்று பார்த்தேன். புதிய அறைகளில் சிறுவர்கள் அமர்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தனர். மரத்தை நட்டதும் அவர்களுக்கு நிழல் வேண்டித்தானே?

ஆகவே, அந்த மாணவனுக்கு என் விடை இது: “தம்பி, நன்றாகப் படி, மதிப்பெண்ணையும் விரும்பு. ஆனால் அதற்காகப் பக்கத்திலிருப்பவன் தாளைப் பார்க்கத் தோன்றுமானால், அவன் உன்னை மிஞ்சும்போது உள்ளம் கசக்குமானால், உன்னைப் பிணிக்கும் கயிறு எங்கே இருக்கின்றது என்று அங்கே தேடிப் பார். கல்வியை உன் பெருமைக்காகப் பற்றாமல், உன்னினும் பெரிய ஒன்றுக்காகப் பற்று. பிறகு புகலூரில் கிடைத்த பொன்னை நீ எறிந்தாலும் சரி, எடுத்தாலும் சரி. அது உன்னைக் கட்டாது.”