காற்றுக்கு எதிரே போகும் படகில் சத்தி

கோடை விடுமுறையில் டெனிஷ் நண்பர்களின் பாய்ப்படகில் எமது குடும்பங்களும் போகின்றன. இங்கே மேற்குக் காற்றுத்தான் அதிகம்; வட கடலில் மேற்கே போனால் காற்று முகத்தில்தான். பாய்ப்படகு காற்றுக்கு நேரே ஓடாது. ஏறத்தாழ 45 பாகை விலகி, இடமும் வலமுமாக மாறி மாறித்தான் முன்னேறும். ஒருபக்கம் சாய்ந்தபடி ஒவ்வோர் அலையிலும் ஏறி விழும். உட்காது இந்த ஆட்டத்தை உணரும். அறைக்குள் இருப்பவரின் கண்ணுக்கோ எதுவும் அசையாது. இந்த முரண்பாட்டால்தான் ஓங்காளமும் சத்தியும் வருகின்றன. 2 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு இது கூட.

பிள்ளையை மேல்தளத்தில் நடுப்பகுதியில் இருத்தி, தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கைத்தொலைபேசி வேண்டாம். சத்தி தொடங்கியபின் மாத்திரை விழுங்கி அதிகம் பயனில்லை; மருத்துவரைக் கேட்டு, புறப்பட முன்னரே கொடுக்க வேண்டும். நித்திரை வரும். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் உடல் பழகிவிடும். வல்வெட்டித்துறைப் பெரியவர்களைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

தண்ணீரை மிடறு மிடறாகக் கொடுங்கள். சிறுநீர் குறைந்து பிள்ளை சோர்ந்தால் தாமதிக்காமல் கரைக்குத் திரும்புங்கள். காற்றோடு ஓடினாலே ஆட்டம் குறையும். படகோட்டியிடம் கேட்க வெட்கப்படாதீர்கள். இன்னொன்று: படகோரத்தில் குனிந்து சத்தி எடுக்கும்போதுதான் கடலில் விழ நேரும். வாளியைக் கொடுங்கள். உயிர்காப்பு அங்கியைக் கழற்றவே விடாதீர்கள்.