புதிய காரும் சிறு குறையும்

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்குகிறவர், அப்பொருளுடன் அதைப் பற்றி விற்பவர் சொல்லும் சொல்லையும் சேர்த்தே வாங்குகிறார். ‘இது புதியது’ என்பது அத்தகைய சொற்களுள் ஒன்று. சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது இச்சொல்லை நாம் எளிதில் நம்பிவிடுவதில்லை. காம்பைப் பார்க்கிறோம், புரட்டிப் பார்க்கிறோம், சொத்தை இருந்தால் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் பல இலட்சம் ரூபாய் கொடுத்து மோட்டார் கார் வாங்கும் நாளில், நம்மில் பெரும்பாலோர் அந்தக் கத்தரிக்காய்க்குக் காட்டும் கவனத்தைக் கூடக் காட்டுவதில்லை.

புதிய கார் ஒன்றில், ஓட்டத்துக்கு யாதொரு தடையும் செய்யாமல் தோற்றத்தை மட்டும் கெடுக்கும் சிறு குறை காணப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கதவில் ஒரு கீறல்; அல்லது ஒரு பக்கத்தின் நிறம் மற்றொரு பக்கத்தோடு சற்றே பொருந்தவில்லை. அதை ஏற்றுக்கொள்ளலாமா, மறுத்துவிடலாமா? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். மாணவ நண்பர்களே, கார் வாங்கும் காலம் உங்களுக்கு இன்னும் வரவில்லை என்று எண்ணி இதை ஒதுக்கிவிடாதீர்கள். இக்கேள்விக்குள் கொஞ்சம் இரசாயனமும், கொஞ்சம் சட்டமும், கொஞ்சம் அறமும் அடங்கியிருக்கின்றன.

முதலில், காரின் மேனியில் நாம் காணும் வண்ணம் எத்தகையது என்று பார்ப்போம். அது ஒரே பூச்சு அன்று. எஃகுத் தகட்டைக் கழுவித் தூய்மை செய்து, பாஸ்பேட் உப்புக்கள் கலந்த நீரில் நனைத்து எடுக்கிறார்கள். பிறகு உடற்கூட்டினை முழுவதுமாக ஒரு பெருந்தொட்டியில் அமிழ்த்தி, மின்சாரத்தைச் செலுத்தி, துருவைத் தடுக்கும் முதற்பூச்சைப் படிய வைக்கிறார்கள். அதன்மேல் மேடுபள்ளத்தைச் சமன்செய்யும் இடைப்பூச்சு; அதன்மேல் நிறம் தரும் பூச்சு; எல்லாவற்றுக்கும் மேலாக, வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கும் நிறமற்ற தெளிபூச்சு. இவை அனைத்தும் சேர்ந்தும் கனம் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரையில்தான் இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் அதில் ஒரு பகுதியே ஒரு மைக்ரான். ஆகவே, ஏறத்தாழ இரண்டு தலைமயிர்களின் பருமனுக்குள் இத்தனை அடுக்குகளும் அடங்கிவிடுகின்றன!

தொழிற்சாலையில் இப்பூச்சுக்களைப் பெரிய சூட்டறைகளில் 140 பாகை செல்சியஸும் அதற்கு மேலுமான வெப்பத்தில் இறுக வைக்கிறார்கள். அப்போது வண்டியில் வெறும் எஃகுக் கூடு மட்டுமே இருக்கும். இருக்கைகளும் கம்பிகளும் பிளாஸ்டிக் உறுப்புக்களும் பொருத்தப்பட்ட பிறகு அவ்வளவு வெப்பத்தைக் கொடுக்க முடியாது. எனவே, முழுதாய் முடிந்த வண்டிக்கு மறுபூச்சு பூசும்போது, தாமாகவே வினைபுரிந்து இறுகும் வேறு வகைச் சாயங்களைப் பயன்படுத்தி, 60 பாகை அளவு வெப்பத்தில் உலர்த்துகிறார்கள். தேர்ந்த கைவினைஞர் செய்தால் இம்மறுபூச்சும் நெடுங்காலம் உழைக்கும். ஆயினும் அது முதற்பூச்சினின்றும் வேறானது. அதன் தரம் செய்தவரின் கைத்திறனைப் பொறுத்தது. பூச்சின் கனத்தை அளக்கும் சிறு கருவியை வைத்துப் பார்த்தால், மற்றப் பக்கங்கள் 120 மைக்ரான் காட்ட, மறுபூச்சுப் பெற்ற கதவு 250 அல்லது 300 என்று காட்டித் தன் வரலாற்றைத் தானே சொல்லிவிடும்.

இனி, இந்தச் சிறிய விஷயம் எவ்வளவு பெரிய வழக்காக வளரக்கூடும் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுகிறேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஐரா கோர் என்னும் மருத்துவர், 1990-ஆம் ஆண்டு ஜனவரியில், கறுப்பு நிறப் பி.எம்.டபிள்யூ. கார் ஒன்றைப் புதிதென்று 40,750 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார். ஒன்பது மாதம் ஓட்டினார். ஒரு குறையும் அவர் கண்ணுக்குப் படவில்லை. காரை இன்னும் பளபளப்பாக்க விரும்பி ஒரு மெருகுக் கடைக்குக் கொண்டுபோனார். அங்கேதான், அந்த வண்டி முன்னரே மறுபூச்சுப் பெற்றது என்ற செய்தி வெளிப்பட்டது. ஜெர்மனியிலிருந்து வரும் வழியில் அமில மழையால் அதன் மேற்கூரையும் மூடிகளும் பழுதுபட்டிருந்தனவாம். அதைச் சரிசெய்ய நிறுவனம் செலவிட்டது 601 டாலர் 37 சென்ட். விலையில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு. பழுது நீக்கும் செலவு விலையில் 3 விழுக்காட்டுக்கு உட்பட்டிருந்தால் விற்பனையாளருக்கும் சொல்லாமல் வண்டியைப் புதிதென்றே விற்பது அந்நிறுவனத்தின் வழக்கமாக இருந்தது.

மருத்துவர் வழக்குத் தொடுத்தார். அவருடைய நஷ்டம் 4,000 டாலர் என்று ஜூரர்கள் மதிப்பிட்டனர். அதனோடு நில்லாமல், நிறுவனத்தைத் தண்டிக்கும் பொருட்டு 40 இலட்சம் டாலரும் விதித்தனர்! அலபாமாவின் உயர்ந்த மன்றம் அதை 20 இலட்சமாகக் குறைத்தது. 1996-இல் ஐக்கிய நாட்டின் உச்ச நீதிமன்றம், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து, அத்தொகையும் அளவுக்கு மிஞ்சியது என்று தீர்த்தது. முடிவில் 1997-இல் அலபாமா மன்றம் அதை 50,000 டாலராக நிர்ணயித்தது. சட்டம் பயில்வோர் இவ்வழக்கைத் தண்டத் தொகையின் எல்லையை அறிவதற்காகப் படிக்கிறார்கள். நாம் அறிய வேண்டுவது வேறு. கோர் மருத்துவரின் கார் நன்றாகவே ஓடிற்று. பூச்சும் பழுதின்றியே இருந்தது. அங்கே குற்றமாகக் கருதப்பட்டது மௌனம். ஜூரர்களின் தீர்ப்பு வந்தவுடனேயே, எவ்வளவு சிறிய பழுதானாலும் வாங்குவோருக்குத் தெரிவித்துவிடுவது என்று அந்நிறுவனம் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது.

‘ஓடுகிறது அல்லவா, போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. இக்கேள்விக்கு இங்கிலாந்தில் 1987-இல் பதிவான ஒரு தீர்ப்பு விடை தருகிறது. புதிய ரேஞ்ச் ரோவர் ஒன்றை வாங்கியவர், இயந்திரத்திலும் உடற்கூட்டிலும் பல குறைகள் கண்டு அதைத் திருப்பிக் கொடுக்க முயன்றார். ஓட்டக்கூடிய நிலையில் இருந்ததே என்று விற்றவர் வாதாடினார். மேல்முறையீட்டு மன்றம் அதை ஏற்கவில்லை. இடம்விட்டு இடம் செல்வதோடு, அதன் வசதியையும் தோற்றத்தையும் குறித்து ஓரளவு பெருமிதம் கொள்வதும் புதிய வண்டி வாங்குவோரின் நியாயமான எதிர்பார்ப்பே என்று அது கூறியது. பின்னர் 1994-ஆம் ஆண்டுத் திருத்தம், தோற்றமும் முடிப்பு வேலையும், சிறு குறைகள் இன்மையும் பொருளின் தரத்தில் அடங்கும் என்று அந்நாட்டுச் சட்டத்திலேயே எழுதி வைத்தது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 41, 42-ஆம் பிரிவுகள் நாம் நினைவில் வைக்கத்தக்கவை. முன்பு பார்த்திராத பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும் வரையில், வாங்குவோர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படமாட்டார். ஆனால் ஏற்றுக்கொண்டதாக அவரே தெரிவித்துவிட்டாலும், நியாயமான காலம் கடந்த பின்னும் மறுக்காமல் வைத்துக்கொண்டாலும், அது ஏற்பாகிவிடும். ஏற்றபின் திருப்பித் தரும் உரிமை பொதுவாக மங்கிவிடும். நஷ்டஈடு கேட்கும் உரிமையே எஞ்சி நிற்கும். 2006-இல் நமது உச்ச நீதிமன்றம், மாருதி நிறுவனம் தொடர்பான ஒரு வழக்கில், உத்தரவாதப் பத்திரம் பழுதுற்ற உறுப்பை மாற்றித் தருவதாக மட்டுமே கூறும்போது, முழுக் காரையே மாற்றித் தரும்படி ஆணையிட முடியாது என்று தீர்த்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். அந்த வழி திறந்தே இருக்கிறது. ஆயினும், சாவி வாங்குவதற்கு முன் சொல்லும் ஒரு சொல், பின்னர் எழுதும் பத்து மனுக்களைவிட வலியது என்பது தெளிவு.

ஆகவே, பதிவு செய்வதற்கு முன்பே, பகல் வெளிச்சத்தில், கழுவித் துடைத்த வண்டியை நிதானமாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். வாங்குவோரின் பெயரில் பதிவான வண்டி திரும்பி வந்தால் அதை எவரும் புதிதென்று விற்க முடியாது. ஆதலால் விற்பவரும் அதை எளிதில் திரும்பப் பெறமாட்டார்.

குறை கண்டால் என்ன செய்வது? நான் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பேன். முதலாவது: குறை எவ்வளவு ஆழமானது? விரல் நகத்தால் தடவும்போது தடைபடாத கீறல் பெரும்பாலும் தெளிபூச்சோடு நின்றது, மெருகிட்டால் மறையும். நகம் சிக்கினால், அது உள்ளே இறங்கியிருக்கக்கூடும். இரண்டாவது: இக்குறை தானே குறையா, மற்றொன்றின் அடையாளமா? கதவுக்கும் தூணுக்கும் இடையிலுள்ள சந்து மேலே அகன்றும் கீழே குறுகியும் இருந்தால், திருகுகளின் தலையில் சாயம் உரிந்திருந்தால், ரப்பர் விளிம்பில் சாயத்துளி ஒட்டியிருந்தால், அந்த வண்டி எங்கோ அடிபட்டிருக்கலாம். மூன்றாவது: விற்பவர் இதைத் தாமே சொன்னாரா, நாம் கண்டபின் ஒப்புக்கொண்டாரா, கண்டபின்னும் மறுத்தாரா? என் அனுபவத்தில், முடிவு பெரும்பாலும் இந்த மூன்றாம் கேள்வியிலேயே கிடைத்துவிடுகிறது.

என் நண்பர் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நெடுங்காலச் சேமிப்பைக் கொண்டு தம் முதற்காரை வாங்கப் போனார். அன்று நல்ல முகூர்த்த நாள், மாலை தயார், சக்கரத்தின் கீழ் வைக்க எலுமிச்சம்பழம் தயார், பேரக் குழந்தைகள் காத்திருந்தார்கள். வண்டியை வெயிலுக்குக் கொண்டுவரச் செய்து பார்த்தபோது, இடப்பக்கப் பின்கதவின் வெண்மை மற்றதோடு ஒட்டவில்லை. ‘வெளிச்சத்தின் கோளாறு, ஐயா’ என்றார் விற்பனைப் பணியாளர். ‘அப்படியானால் மறுபூச்சு இல்லை என்று எழுதிக் கொடுங்கள்’ என்றார் நண்பர். அதன் பிறகே உண்மை வந்தது. கிடங்கில் வண்டியை நகர்த்தும்போது கதவு இடிபட்டதாம். இருக்கை உறைகளை இலவசமாகத் தருகிறோம் என்றார்கள்.

நண்பர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். கதவு ஒழுங்காகச் சீர்செய்யப்பட்டிருந்தால், விலையில் தக்க அளவு குறைத்துக்கொண்டு ஏற்பதிலும் தவறில்லை என்றே நான் சொன்னேன். அவர் சற்று யோசித்து, ‘கதவை மன்னித்துவிடலாம், வெளிச்சத்தின் மேல் பழி போட்டார்களே, அதற்குப் பிறகு கண்ணுக்குத் தெரியாத இடத்தைப் பற்றி இவர்கள் சொல்வதை எப்படி நம்புவது?’ என்று கேட்டார். மாலையையும் பழத்தையும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வீடு திரும்பினார். மூன்று வாரம் கழித்து வேறொரு வண்டி வந்தது. அதன் பின்புறத் தாங்கியில் ஒரு மெல்லிய கீறல் இருப்பதை இம்முறை அவர்களே சுட்டிக்காட்டினார்கள். நண்பர் அதை ஒப்படைப்புச் சீட்டில் எழுதச் செய்து, மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்.

இதில் இன்னொரு பொறுப்பும் உண்டு. நாம் மறுத்த வண்டி மறைந்துபோவதில்லை. மற்றொருவரின் வாசலுக்குச் செல்கிறது. அவர் கூர்ந்து பார்க்கத் தெரியாதவராக இருக்கலாம். என் நண்பர், தாம் கண்ட குறையைக் குறிப்பிட்டு, அடுத்து வாங்குபவருக்கு இதைத் தெரிவிக்க வேண்டும் என்று கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் வாங்கி வைத்தார். அவர்கள் தெரிவித்தார்களா என்பதை அவரால் அறிய இயலவில்லை. ஆயினும், அறியாமல் விற்றோம் என்று அவர்கள் இனிச் சொல்ல இயலாது.

சிறு மாசையும் பொறுக்காமல் எல்லாவற்றையும் திருப்பி அனுப்புவதும் அறிவுடைமை ஆகாது. மனிதர் கையாலும் இயந்திரத்தாலும் செய்யப்படும் எதுவும் சிறிது பிசகுவதுண்டு. தொழிற்சாலையிலேயே பல வண்டிகள் கடைசிக் கட்டத்தில் மெருகு பெற்றே வெளிவருகின்றன. எஃகையும் சாயத்தையும் உழைப்பையும் ஒரு மயிரளவுக் கோட்டுக்காக வீணாக்குவது யாருக்கும் நன்மை தராது. எனவே, ஏற்பதும் மறுப்பதும் நம் வசதியைப் பொறுத்தவை. அறிந்து ஏற்பதும், அறிந்து மறுப்பதுமே முறை.

மாணவ நண்பர்களே, ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சிட்ட சீட்டுக்கள் உங்கள் முன் பலமுறை நீட்டப்படும். கார் வாங்கும்போது மட்டுமா? விடுதி அறைச் சாவி பெறும்போதும், ஆய்வுக்கூடக் கருவி பெறும்போதும், நூலகப் புத்தகம் பெறும்போதும் நீட்டப்படும். கையெழுத்திடுவதற்கு முன் ஒரு நிமிஷம் பொருளைப் பாருங்கள். குறை இருந்தால் அந்தச் சீட்டிலேயே ஒரு வரி எழுதுங்கள். அவ்வொரு வரி உங்களையும் காக்கும். உங்களுக்குப் பின் அப்பொருளைப் பெறுபவரையும் காக்கும்.