வீட்டில் பழகிய மௌனம்

போர் நடந்த ஆண்டுகளில், 2009 வரை, தாயகத்திலிருந்து தொலைபேசியில் இழவுச் செய்தி வராத எம்மவர் இல்லங்கள் குறைவு. செய்தி கேட்ட தந்தை ஒரு சொல்லும் பேசாது இரவு வேலைக்குப் புறப்பட்டுவிடுவார். தாய் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவார். பிள்ளைகள் கலங்கிவிடக் கூடாது என்ற நல்லெண்ணந்தான். ஆயினும் அவர்கள் எதையும் அறியவில்லை என எண்ணுவது பேதைமை. துயரம் வந்தால் வாய் திறக்கலாகாது என்பதை அன்றே கற்றுக்கொண்டனர்.

அப்பிள்ளைகளில் பலர் இன்று 25, 30 வயதினர். வேலை போனால் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அல்லது சிறு சொல்லுக்கும் சீறி விழுகிறார்கள். "இங்கே இவர்களுக்கு என்ன குறை?" என்று பெற்றோர் அங்கலாய்க்கின்றனர்.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் குரோஸ் 1998இல் வெளியிட்ட ஆய்வொன்றில் அருவருப்பூட்டும் படமொன்று காட்டப்பட்டது. முகத்தில் எதையும் காட்டாது அடக்கியவர்களுக்கு அருவருப்புக் குறையவில்லை. உடலின் பதற்றமோ கூடிற்று. உணர்ச்சிவயப்படாது நுட்ப விவரங்களை மட்டும் நோக்குமாறு பணிக்கப்பட்டோருக்கு அருவருப்பே தணிந்தது. முகத்தைக் கட்டுப்படுத்துவது வேறு, மனத்தை ஆற்றுவது வேறு.

இதனால் எமது அடக்கப் பண்பே பிழையென்று கொள்ளலாகாது. 2007இல் குரோசும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், ஆசிய விழுமியங்களைப் பேணிய பெண்களுக்கு உணர்ச்சியை அடக்குவதால் நேரும் கேடு குறைவாகவே காணப்பட்டது. மௌனத்தையும் அன்பென்று கொள்ளும் ஊரில் நாம் வளர்ந்தோம். எம் பிள்ளைகளோ மனத்திலுள்ளதைச் சொல்லப் பழக்கும் பள்ளிகளில் வளர்ந்தார்கள். எமது மௌனம் அவர்களுக்குக் கோபமாகவோ புறக்கணிப்பாகவோ தெரிகிறது. சிக்கல் அங்கேதான்.

ஜோன் கொட்மன் குழுவினர் 5 வயதுப் பிள்ளைகளை 8 வயது வரை தொடர்ந்து அவதானித்து 1996இல் எழுதினர். பிள்ளையின் கோபத்தையும் துயரையும் கவனித்து, அதற்குப் பெயர் சொல்லி, செயலுக்கு மட்டும் எல்லை வகுத்த பெற்றோரின் பிள்ளைகள் படிப்பிலும் நட்பிலும் மேம்பட்டிருந்தனர்.

வளர்ந்துவிட்டவரிடம் இப்போது இது எடுபடுமா எனக் கேட்கலாம். அறிவுரை எடுபடாது. "வந்த புதிதில் எனக்கும் வேலை போனது, பல நாள் நித்திரையே வரவில்லை" என்று தந்தை தன் கதையைச் சொன்னால் மகன் காது கொடுப்பான். எப்படி அதிலிருந்து மீண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். அதைத்தான் அவன் கண்டதேயில்லை.

நித்திரையும் பசியும் கிழமைக்கணக்கில் கெட்டால் பெற்றோரும் குடும்ப வைத்தியரை நாடலாம். ஆனால் அங்கே மொழிபெயர்க்கப் பிள்ளையை அழைத்துச் செல்லாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்குசெய்ய முடியுமா என முற்கூட்டியே வைத்தியரிடம் கேளுங்கள்.