சொந்த சர்வரில் ஆவணங்கள்: சாவி யாரிடம் இருக்கிறது?

கல்வி உதவித்தொகை கேட்டு வரும் ஒரு மாணவர் என்னென்ன நகல்களைத் தருகிறார் என்று எண்ணிப் பாருங்கள். ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், தாயாரின் கைப்பேசி எண். ஒரு சிறிய அறக்கட்டளையிடம்கூடச் சில ஆண்டுகளில் இப்படி ஆயிரக்கணக்கான நகல்கள் சேர்ந்துவிடும். முன்பு இவை அலுவலக பீரோவில் இருந்தன. சாவி செயலாளரிடம் இருந்தது. இன்று ஸ்கேன் செய்து ஏதோ ஒரு சர்வரில் ஏற்றிவிடுகிறோம். அதன் சாவி யாரிடம் என்று கேட்டால் பல இடங்களில் பதில் இல்லை.

"மாதாமாதம் வாடகை கட்டுவதற்குப் பதில் நாமே ஒரு சர்வர் வைத்துக்கொள்ளலாமே" என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் வாடகை மிச்சமாகும்போது, அந்த வாடகைக்காக வேறொருவர் பார்த்துவந்த காவல் வேலை நம் தலையில் வந்து சேர்கிறது. பிறர் நம்பித் தந்த அமானிதம் என்பதால் அந்த வேலை என்னவென்று நிர்வாகிகளும் தெரிந்துகொள்வது அவசியம்.

ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் என்றால் என்ன?

நம் கணினியில் கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்குகிறோம். ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் 'பக்கெட்' என்ற பெரிய பெட்டி மட்டும் உண்டு. அதில் போடும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பெயர்; அந்தப் பெயரைச் சொல்லி இணைய வழியாகவே கேட்டு வாங்கலாம். அமேசான் 2006இல் தொடங்கிய எஸ்3 சேவைதான் இந்த முறையைப் பரவலாக்கியது. அதே முறையில் நம் சொந்த சர்வரில் இயங்கும் மென்பொருள்களில் அதிகம் அறியப்பட்டது மினியோ. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி அதன் நிறுவனர்களில் ஒருவர்.

இதை நிறுவச் சில நிமிடங்கள் போதும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

திறந்து கிடக்கும் கதவுகள்

முதலாவது, தொடக்கக் கடவுச்சொல். மினியோவில் நாம் எதையும் அமைக்காவிட்டால் பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டுமே 'மினியோஅட்மின்'தான். உலகம் முழுவதற்கும் தெரிந்த சாவி அது. முதல் கோப்பை ஏற்றும் முன்பே நீளமான, வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லாக மாற்ற வேண்டும்.

இரண்டாவது, போர்ட். மினியோவில் கோப்புகள் வந்துபோக வழக்கமாக 9000, நிர்வாகப் பக்கத்துக்குப் பெரும்பாலும் 9001. நிர்வாகப் பக்கத்தை இணையத்துக்குத் திறந்துவைக்க எந்தத் தேவையும் இல்லை. அலுவலக நெட்வொர்க்கிலிருந்தோ விபிஎன் வழியாகவோ மட்டும் திறந்தால் போதும். இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டு எல்லாவற்றையும் அடைத்துவிட்டதாக நினைப்பார்கள். ஆனால் டாக்கர் வழியாக ஒரு போர்ட்டை வெளியிட்டால் அது அந்த ஃபயர்வால் விதிகளைத் தாண்டிச் சென்றுவிடும். எனவே போர்ட்டை 127.0.0.1 என்ற உள்முகவரியோடு மட்டும் இணைத்து, முன்னால் என்ஜின்எக்ஸ் போன்ற ஒரு வாயிற்காவலரை நிறுத்த வேண்டும். பிறகு வெளியே இன்னொரு இணைப்பிலிருந்து அந்த போர்ட் திறக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, குறியாக்கம். சான்றிதழ் இல்லாமல் வெறும் எச்டிடிபி முறையில் இயங்கினால், ஏற்றும் ஆவணத்தையும் நிர்வாகப் பக்கத்தில் தட்டும் கடவுச்சொல்லையும் வழியில் இருப்பவர் படிக்க முடியும். லெட்ஸ் என்க்ரிப்ட் இந்தச் சான்றிதழை இலவசமாகத் தருகிறது. அதோடு சர்வரின் வட்டையும் குறியாக்கம் செய்துவையுங்கள். பழுதான வட்டு ரிப்பேர் கடைக்குப் போனாலும் ஆவணங்கள் வெளியே போகா.

நான்காவது, 'பப்ளிக்' என்ற வசதி. புதிய பக்கெட் மூடியேதான் இருக்கும். இணையதளத்தில் ஒரு படம் தெரியவில்லை என்றதும் அவசரத்தில் பக்கெட் முழுவதையும் பப்ளிக் ஆக்கிவிடுகிறார்கள். மினியோவில் அப்படிச் செய்தால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதவும் செய்யலாம். 2017இல் அமெரிக்க வாக்காளர்கள் சுமார் 19.8 கோடி பேரின் விவரங்கள் எஸ்3 பக்கெட் ஒன்றில் கடவுச்சொல் இல்லாமல் கிடந்தது வெளியே தெரிந்தது. அங்கே எவரும் பூட்டை உடைக்கவில்லை. ஒருவருக்கு ஓர் ஆவணத்தைக் காட்ட வேண்டுமானால் சில நிமிடங்களில் காலாவதியாகும் தற்காலிக இணைப்பைக் கொடுங்கள்.

ஒரே சாவி எல்லாக் கதவுக்கும் வேண்டாம்

தலைமைக் கணக்கின் கடவுச்சொல்லை இணையதள மென்பொருளுக்குள் எழுதிவைப்பது பெரும் தவறு. ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சாவி உருவாக்குங்கள். விண்ணப்பப் பக்கத்துக்குக் கோப்பை ஏற்றும் உரிமை மட்டும் போதும். படிக்கும் உரிமை எதற்கு? நாளை அந்தப் பக்கத்தை யாராவது கைப்பற்றினாலும் பழைய ஆவணங்களை அவர் எடுக்க முடியாது. வேலையை விட்டுப் போனவரின் சாவியை அன்றே ரத்து செய்யுங்கள்.

அப்டேட் யார் செய்வார்?

2023 மார்ச்சில் மினியோவில் ஓர் ஓட்டை தெரியவந்தது. பல சர்வர்களைச் சேர்த்து இயக்கும் அமைப்பில், வெளியிலிருந்து ஒரே ஒரு கோரிக்கை அனுப்பினால் தலைமைக் கடவுச்சொல்லே பதிலாக வந்தது. திருத்தப்பட்ட பதிப்பு உடனே வந்தாலும், அதை நிறுவாதவர்களுக்கு நீளமான கடவுச்சொல் இருந்தும் பயனில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2025 அக்டோபரில் மினியோ தன் இலவசப் பதிப்புக்கு ஆயத்த டாக்கர் கோப்புகள் வெளியிடுவதை நிறுத்தியது. டிசம்பரில் அது பராமரிப்பு நிலையில் மட்டும் இருக்கும் என்று அறிவித்தது. பழைய டாக்கர் கோப்பை இறக்கி ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்குத் திருத்தங்கள் தாமாக வந்து சேரா. புதிதாகத் தொடங்குவோர் கராஜ், சீவீட்எஃப்எஸ், செஃப் போன்ற மாற்றுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. எதைத் தேர்ந்தாலும் மேலே சொன்ன கதவுகள் அதிலும் இருக்கும்.

அழிந்தால் மீட்க, தேவையில்லாததை அழிக்க

பல வட்டுகளில் பிரித்து வைப்பது ஒரு வட்டு கெட்டால் காப்பாற்றும். தவறுதலாக நாமே அழித்தாலோ, ரான்சம்வேர் புகுந்தாலோ காப்பாற்றாது. அதற்காகப் பழைய பதிப்புகளைக் காக்கும் 'வெர்ஷனிங்' வசதியை இயக்கி, வேறோர் இடத்தில் பேக்கப்பும் வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பை மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

பயன் முடிந்த நகல்களை அழித்துவிடுங்கள். குறிப்பிட்ட நாளில் தானாக அழிய விதி அமைக்கலாம். நம்மிடம் இல்லாத ஆவணம் நம்மிடமிருந்து கசியாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

ஆகவே சர்வர் வாங்கும் முன் நிர்வாகக் குழு ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: ஆர்வமுள்ள அந்த இளைஞர் நாளை வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டால் இதை யார் பார்த்துக்கொள்வார்? பொறுப்பாளர் இருவரின் பெயரை மினிட் புத்தகத்தில் எழுத முடிந்தால் தாராளமாகச் சொந்த சர்வர் வையுங்கள். முடியாவிட்டால் வாடகை கட்டுவதில் குறைவு ஒன்றுமில்லை. அந்த மாணவரின் தாயார் நம்பித் தந்தது நம் சிக்கனத்தைப் பார்த்து அல்ல.