பல்லின் நிறத்தில் ஓர் அடைப்பு

சொத்தைப் பல்லை அடைப்பதற்கு நெடுங்காலம் வெள்ளியும் பாதரசமும் சேர்ந்த கலவையே பெரிதும் பயன்பட்டு வந்தது. உறுதியில் அதற்குக் குறைவில்லை. ஆயினும் அது பல்லோடு தானாக ஒட்டுவதன்று. குழியில் பிடிப்பாக நிற்கும் பொருட்டு நல்ல பல்லையும் சிறிது குடைய நேர்ந்தது.

1955-இல் அமெரிக்கப் பல் மருத்துவ அறிஞர் மைக்கேல் புவோனகோர், பாஸ்பாரிக் அமிலம் தடவிய பற்சிப்பியில் பிசின் இறுகப் பற்றுவதைக் காட்டினார். அமிலம் உண்டாக்கும் நுண்துளைகளில் பிசின் வேரோடி நிற்கிறது. பின்னர் ரஃபேல் போவன் புதியதொரு பிசினுடன் சிலிக்காத் தூளைப் பிணைத்து, 1962-இல் காப்புரிமை பெற்றார். மணலும் சுண்ணாம்பும் கூடிய சாந்தைப் போன்றதே இது: தூள் வலிமை தருகிறது, பிசின் அதனைக் கட்டி நிறுத்துகிறது.

இக்காலத்துக் கலவை நீல ஒளி பட்டதும் சில விநாடிகளில் இறுகுகிறது. இறுகும்போதே கன அளவில் நூற்றுக்கு 2 அல்லது 3 பங்கு சுருங்கவும் செய்கிறது. இதுவே அதன் பெருங்குறை. அடைப்பின் ஓரத்தில் மயிரிழை போன்ற இடைவெளி விழுந்தாலும் கிருமிகள் புகுந்து, அடைப்பின் கீழேயே மீண்டும் சொத்தை தோன்றக்கூடும். ஆகவேதான் மருத்துவர் சுமார் 2 மில்லிமீட்டர் கனத்தில் அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் ஒளியால் இறுக்குகிறார். எச்சில் பட்டால் பிடிப்புக் குன்றும். பஞ்சு வைப்பதும் ரப்பர்த் திரை கட்டுவதும் அதனால்தான். நாற்காலியில் அமர்ந்து, “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று சலித்துக்கொள்ளும் அன்பர்கள் இதனை நினைவிற் கொள்வார்களாக.

முன்பல்லுக்கு இது மிகவும் ஏற்றது. குழி ஈற்றுக்குக் கீழே இறங்கியிருப்பின் ஈரத்தைத் தடுப்பது அரிது. அங்கு வேறு பொருள் தகுமா என்று மருத்துவரைக் கேட்டறிதல் நலம். வெற்றிலையும் தேநீரும் நாளடைவில் இதன்மீதும் கறை ஏற்றும்.