வேற்றூர்ச் சோறு – 11: துட்டு, கக்கூஸ், கந்தோர்

பிரெஞ்சுப் பள்ளிகளில் ஆங்கிலம் பேசிப் பழக்குவதற்காகப் போகும் பிரிட்டிஷ் மாணவர்களைச் சென்ற வாரம் பார்த்தோம். வாரத்துக்கு 12 மணி நேர வேலை, அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடியும் ஏழு மாதப் பணி, ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு பிரிட்டன் விலகியபின் கூடுதலாகச் சேர்ந்துகொண்ட விசா அலைச்சல். பிரெஞ்சு கற்கத்தான் போகிறார்கள். ஆனால் பார்க்கும் வேலை ஆங்கிலம். அறையில் உடன் தங்குபவரும் ஆங்கிலம் பேசுபவராக அமைந்துவிட்டால் ரொட்டிக் கடையில் சொல்லும் நான்கு வாக்கியங்களோடு பிரெஞ்சு முடிந்துவிடும். இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பிழைப்புக்காக வேற்றூர் போகிறவன் அந்த ஊரை எந்த அளவுக்கு அறிந்துகொள்கிறான் என்பதில் அவனுடைய ஆர்வத்துக்கு இருக்கும் பங்கு குறைவு. அவனை அனுப்பிய நிறுவனம் அவனைச் சுற்றி எழுப்பும் மதிலுக்கு இருக்கும் பங்கு அதிகம். இதைச் சோதித்துப் பார்க்க பிரான்சுக்குப் போகவேண்டியதில்லை. சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம் என்றொரு மீனவர் குடியிருப்பு இருக்கிறது. பெயரில் உள்ள கோட்டை இன்று புதரும் மண்மேடும். அதற்குள் இருந்து வேலை பார்த்த வாலிபர்களின் கதை நம் கேள்விக்கு நன்றாகப் பொருந்தும்.

ஒல்லாந்தர் பழவேற்காட்டில் வணிகம் செய்ய விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடவரிடம் அனுமதி பெற்றது 1610-ல். சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் 1612-ல் அவர்களுடைய பண்டகசாலையைத் தாக்கினார்கள். அடுத்த ஆண்டே கோட்டை எழும்பிவிட்டது. கட்டுமானத்தை முன்னின்று நடத்திய வெம்மர் வான் பெர்க்கெம் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தை நினைத்து அதற்கு கெல்ட்ரியா என்று பெயரிட்டார். 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தக் கம்பெனியின் தலைநகரம் இதுதான். இங்கே நெய்த துணியும் சாயமிட்ட துணியும் கப்பலேறிக் கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் போய் ஜாதிக்காயாகவும் கிராம்பாகவும் மாறின. வெடிமருந்து ஆலையும் இங்கே இருந்தது. இந்த யந்திரத்தின் அடிமட்டப் பல்லாக இருந்தவர் உதவி எழுத்தர். ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வருகிற இளைஞர். அவருக்கு மேலே கணக்கர், இளநிலை வணிகர், வணிகர், தலைமை வணிகர் என்று ஏணி. கடிதங்களைப் படியெடுப்பது, துணிக்கட்டுகளை எண்ணித் தரம் பிரிக்கும்போது உடன் நின்று பதிவது, பேரேடு எழுதுவது என்று நாள் போகும். சம்பளத்தில் ஒரு பகுதியைக் கம்பெனி ஊர் திரும்பும்வரை பிடித்துவைத்துக்கொள்ளும். சொந்த வணிகம் செய்யக்கூடாது என்பது விதி. செய்யாதவர் அரிது என்பது நடப்பு.

இவர்களை மாணவர்களோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். இவர்கள் படிக்க வரவில்லை, பணம் பண்ண வந்தார்கள். சரிதான். ஆனால் அந்தக் காலத்தில் வணிகம் படிக்கக் கல்லூரி ஏது? துணியின் இழையைத் தடவித் தரம் சொல்வதையும் தரகரின் முகத்தைப் படிப்பதையும் நாணய மாற்றையும் கம்பெனியின் பண்டகசாலைதான் கற்றுத்தந்தது. தேர்வு இல்லை, பதவி உயர்வு உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொரு வித்தியாசம், பலர் திரும்பவில்லை. 1602 முதல் 1795 வரை ஒல்லாந்தக் கம்பெனியின் கப்பல்களில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குப் புறப்பட்டார்கள். அதே கம்பெனியின் கப்பலில் ஊர் திரும்பியவர்கள் அவர்களில் பாதிகூட இல்லை. பழவேற்காட்டு ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தின் மறுபக்கத்தை அதைவிடச் சுருக்கமாக எழுதிவிட முடியாது.

இந்த இளைஞர்கள் ஏரிக்கரை மனிதர்களைச் சந்திக்காமல் ஒரு நாளும் கழித்திருக்க முடியாது. பெரிய கப்பல்கள் முகத்துவாரத்துக்குள் நுழைய முடியாமல் கடலில்தான் நங்கூரமிடும். அலையைத் தாண்டிக் கரைக்கு வர, ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகு வேண்டும்; அதைத் தள்ள உள்ளூர்ப் படகோட்டி வேண்டும். ஏழெட்டு மாதம் கடலில் மிதந்து கிழக்கிந்தியத் தீவுகளில் இருந்த பத்தேவியாவுக்கு வந்து, அங்கிருந்து இங்கே அனுப்பப்பட்ட ஒரு பையன் இந்த ஊரில் முதலில் பார்த்த தமிழ் முகம் அந்தப் படகோட்டியுடையதாகவே இருந்திருக்கும். பிறகு சமையல், சலவை, கூலி, காவல், தரகு எல்லாவற்றுக்கும் தமிழும் தெலுங்கும் பேசும் கைகள். இவ்வளவு நெருக்கத்தில் இரண்டு நூற்றாண்டு! ஊரை நன்றாக அறிந்திருப்பார்கள் என்றுதானே தோன்றும்?

மொழியைக் கேட்டுப் பார்ப்போம். அது பொய்ச்சாட்சி சொல்வது குறைவு. போர்த்துகீசியர் தமிழுக்குத் தந்த சொற்களை எண்ணினால் ஒரு வீடே எழும்பிவிடும்: ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, கோப்பை, பீப்பாய், கிராதி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயா, தெருமுனையில் பாதிரி, கடன் மிஞ்சினால் ஏலம். ஒல்லாந்தர் தந்தவை? துட்டு, கக்கூஸ். ஈழத்துக்குப் போனால் அலுவலகத்தைக் குறிக்கும் கந்தோர். இன்னும் சில இருக்கலாம்; ஆனாலும் பட்டியல் குட்டைதான். காசு, கழிப்பறை, அலுவலகம் என்று ஒரு கோட்டைவாசியின் அன்றாடத்தை மூன்று சொல்லில் அடக்கிவிட்ட நம் மொழியின் குறும்பை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. போர்த்துகீசியர் நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்கள், ஒல்லாந்தர் கல்லாவோடு நின்றுவிட்டார்கள் என்பதே இதன் பொருள். போர்த்துகீசியரின் வாளும் மதமாற்றமும் இதனால் இனிமையாகிவிடாது. பழக்கத்தின் ஆழத்தை மட்டும்தான் இங்கே அளக்கிறேன்.

மொழி அறிந்தவர்கள் இதற்கு மறுப்புச் சொல்வார்கள். ஒல்லாந்தர் வந்தபோது துறைமுகங்களில் போர்த்துகீசியக் கலப்பு மொழி ஏற்கெனவே பொதுமொழியாக இருந்தது. அவர்களும் அதையே பேசினார்கள். ஆகவே டச்சுச் சொல் தமிழில் ஏறாததற்கு மதில் காரணமல்ல என்பார்கள். முதல் பாதி உண்மை. ஆனால் அதுவேதான் நான் சொல்லும் மதில். கல்லால் கட்டியது ஒன்று, இரவல் மொழியால் கட்டியது இன்னொன்று. அவர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்தார்களே என்றும் கேட்கலாம். மணந்தார்கள். அந்தப் பெண்களில் பலர் போர்த்துகீசியம் பேசிய கிறிஸ்தவக் கலப்புக் குடும்பத்தினர். வீட்டுக்குள்ளும் அதே இரவல் மொழிதான். ஆசிய மனைவியைத் தாயகத்துக்கு அழைத்துப்போகக் கம்பெனி தடை வேறு போட்டது. அடுக்களைவரை வந்த உறவைக் கப்பல் படியில் வெட்டிவிட்ட சட்டம். இதே பழவேற்காட்டில் வணிகத்துக்கு வந்த அரபிகளைப் பாருங்கள். மணந்து, தங்கி, மரைக்காயர் சமூகத்தில் கலந்தார்கள்; அரபு எழுத்தில் தமிழையே எழுதிய அரபுத்தமிழ் இங்கே புழங்கியது. அவர்களைத் திருப்பி அழைக்க ஒரு கம்பெனி இருக்கவில்லை.

கோட்டைக்குள் இருந்தும் ஊரைக் கற்றவர் ஒருவர் உண்டு. ஆபிரகாம் ரோஜேரியஸ், 1630களின் தொடக்கத்திலிருந்து சுமார் பத்து ஆண்டுகள் பழவேற்காட்டில் மதகுருவாக இருந்தவர். அவர் எழுதிய நூல், அவர் இறந்தபின் 1651-ல் லெய்டனில் வெளிவந்தது. மறைந்திருக்கும் புறச்சமயத்துக்குத் திறந்த கதவு என்பது தலைப்பின் பொருள். பிராமணர்களின் வாழ்க்கையும் வழிபாடும் பற்றி ஐரோப்பாவுக்குக் கிடைத்த முதல் விரிவான நூல்களில் ஒன்று அது. பர்த்ருஹரியின் நீதி, வைராக்கியப் பாடல்கள் ஐரோப்பிய மொழிக்கு முதன்முதலில் போனதும் அதன் வழியாகத்தான். சிருங்காரம் மட்டும் விடுபட்டுப்போயிற்று. என் வாதத்தை இவர் உடைக்கிறாரா? பாதி உடைக்கிறார். ஆர்வம் மதிலில் ஓட்டை போடும் என்பதற்கு ரோஜேரியஸ் சாட்சி. ஆனால் அந்த ஓட்டை எந்தப் பக்கம் திறந்தது? அவருக்குக் கதவு திறந்துவிட்டவர் பத்மநாபன் என்ற பிராமணர்; இருவரும் பேசிக்கொண்டது போர்த்துகீசியத்தில். ஏரியின் மேல் பத்து ஆண்டு சூரிய உதயம் பார்த்த மனிதரின் நூலுக்குப் பொருள் வேதியரின் சடங்கு. வலைஞரின் நாள் அல்ல. இரவல் மொழி தெரிந்தவர் எவரோ அவர் வழியாகத்தான் ஊர் தெரியும். அந்த மொழி தெரியாதவர் கண்ணெதிரே இருந்தும் காணாமல் போவார்.

ஊருக்கும் மதில் இருந்ததே, பழியை ஏன் கோட்டை மேல் மட்டும் போடவேண்டும் என்று கேட்பவருக்கும் பதில் சொல்லவேண்டும். இன்றும் ஏரியில் பட்டினவர் கிராமங்களுக்குள் பாடு முறை இருக்கிறது. எந்த நீர்ப்பரப்பில் எந்த நாளில் யார் வலை விடுவது என்று சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்தக் கிராமத்தில், அந்தச் சமூகத்தில் பிறக்காதவருக்குப் பாட்டில் பங்கு கிடையாது. இது வேலிதான், இதனால் பங்கில்லாமல் நிற்கும் பிற மீனவர்களின் குறையும் நியாயமானதே. ஆனால் இந்த வேலி வலையைத் தடுக்கும், பேச்சைத் தடுக்காது. மீன் வாங்க வந்தவரோடும் வலை முடியும் நிழலில் வந்து உட்கார்ந்தவரோடும் பேசக்கூடாது என்று பாட்டில் விதி இல்லை.

ஒல்லாந்தரை விட்டு ஆங்கிலேயரைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகிறது. 1611-ல் குளோப் என்ற ஆங்கிலக் கப்பல் பழவேற்காட்டுக்கு வந்தபோது ஒல்லாந்தர் இடம் தரவில்லை. 1619-ல் இரண்டு கம்பெனிகளும் ஒப்பந்தம் செய்துகொண்டபின் ஆங்கில வணிக ஊழியர்கள் 1621-ல் இங்கே வந்து தங்கினார்கள். ஒரு வேற்றூருக்குள் இன்னொரு வேற்றூர். பிரான்சில் பிரிட்டிஷ் மாணவர் என்ற நம் தொடக்கத்துக்கு இதைவிட நெருங்கிய உதாரணம் இந்தக் கரையில் இல்லை. கோட்டைக் காவலின் செலவில் பாதி அவர்கள் தலையில் விழுந்தது. வணிகத்தில் மேலாண்மை ஒல்லாந்தர் கையில். கட்டுப்படியாகாமல் 1623-ல் கிளம்பிவிட்டார்கள். 1626-ல் சற்று வடக்கே ஆர்மகானில் தனிக்கடை, அதுவும் போதாமல் 1639-ல் தெற்கே மதராசப்பட்டினத்தில் மணல்மேடு. அடுத்தவர் மதிலுக்குள் பட்ட சங்கடத்துக்கு அவர்கள் கண்ட மருந்து, தங்களுக்கென்று ஒரு மதில்.

மதில் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு யாக்கோப் ஹாப்னர் இருக்கிறார். 1754-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் பிறந்தவர். நாகப்பட்டினத்தில் உதவி எழுத்தர், பிறகு சதுரங்கப்பட்டினத்தில் கணக்கர். 1781-ல் ஆங்கிலேயர் சதுரங்கப்பட்டினத்தைப் பிடித்தபோது கைதாகிச் சென்னைக்கு வந்தார். ஹைதர் அலி போரின் பஞ்சத்தைத் தெருவில் நின்று பார்த்தார். தப்பித் தரங்கம்பாடி வழியாக இலங்கை போய், அந்தத் தீவைக் கால்நடையாகச் சுற்றினார். 1786-ல் பல்லக்கில் ஏறி இந்தக் கடற்கரை நெடுகப் பயணம் செய்தார். பின்னாளில் அவர் எழுதிய நூல்களில் காலனி ஆட்சி மீதான கோபமும் இந்த மண்ணின் மனிதர்கள் மீதான பிரியமும் மறைவில்லாமல் இருக்கின்றன. அவருக்கு ஆர்வம் முதலிலேயே இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் புத்தகமானது எது? பேரேடு எழுதிய ஆண்டுகளைவிட, கம்பெனியின் கூரை போனபிறகு நடந்த ஆண்டுகளே அந்த நூல்களின் உடம்பு.

ஒரு மறுப்பு மிச்சம் இருக்கிறது, கனமானது. பழவேற்காட்டிலிருந்து துணி மட்டும் கப்பலேறவில்லை. பஞ்ச காலங்களில் விற்கப்பட்டவர்களையும் பிடித்துவரப்பட்டவர்களையும் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக பத்தேவியாவுக்கு அனுப்பிய துறை இது. அப்படியிருக்க, எழுத்தர்ப் பையனின் தனிமையையும் காய்ச்சலையும் பேசுவது முறையா? எலும்புக்கூடு காக்கும் அந்தத் தோட்டத்தில் கல்லில் பெயர் வெட்டி ஒல்லாந்தர் படுத்திருக்கிறார்கள். கப்பலேற்றப்பட்டவர்களுக்கு அந்த ஊரில் ஒரு கல்லும் இல்லை. எழுத்தர்ப் பையன்மேல் இரக்கம் கேட்டு இதை எழுதவில்லை. கப்பலேறிய மனிதர்களைத் தலைகளாக எண்ணி, துணிக்கட்டு எழுதிய அதே பேனாவால் எழுதும் வேலையும் எழுத்தர்களுடையதுதான். எதிரே நிற்பவளின் மொழியில் ஒரு வார்த்தை தெரியாமல் இருப்பது அந்த வேலையை எவ்வளவு சுலபமாக்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மதிலால் கம்பெனிக்குக் கிடைத்த லாபங்களில் இதுவும் ஒன்று.

1795-ல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1818-ல் ஒல்லாந்தருக்குத் திரும்பியது. 1825-ல் மறுபடியும், இம்முறை ஒரேயடியாக, ஆங்கிலேயரிடம் சேர்ந்தது. கோட்டை இல்லை. கோட்டைக்குப்பத்துக்காரர்கள் இன்றும் முறைவைத்துப் பாட்டில் வலை விடுகிறார்கள்.