சிப்பிக்கல்லும் பன்னீர்ப் பந்தலும்

அரியலூரை ஒட்டியிருக்கும் கல்லங்குறிச்சியை வெளியூர்க்காரர்கள் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலைக் கொண்டு அறிவார்கள். நிலவியல் படித்தவர்களுக்கு அந்த ஊர் வேறு காரணத்தால் பரிச்சயம். அங்கிருக்கும் சுண்ணாம்புக்கல் அடுக்குக்கு அவர்கள் ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாகக் கிடந்த இடம் அது. கல்லை உடைத்தால் சிப்பிகள் கொத்துக்கொத்தாக வெளியே வரும். பிரான்சில் ஷாப்ளி என்றொரு ஊர் இருக்கிறது. அங்கும் சுண்ணாம்பு மண்தான், அங்கும் மண்ணுக்குள் சிப்பிப் படிவங்கள்தான். நம்முடையதைவிடப் பழையவை, ஆனால் விரல்நகம் அளவுக்குச் சிறியவை. அந்தச் சிப்பியைக் காட்டியே ஷாப்ளிக்காரர்கள் தங்கள் வெள்ளை ஒயினை உலகெங்கும் விற்கிறார்கள். அரியலூர்ச் சிப்பி சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. வெயிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஷாப்ளியில் வசந்தகால உறைபனிக்குப் பயந்து இரவெல்லாம் கொடிகளுக்கு நடுவே நெருப்பு மூட்டி வைக்கிறார்கள், நமக்கு அந்தக் கவலை கிடையாது. கல்லும் வெயிலும் இவ்வளவு இருந்தும் அரியலூர்ச் சீமையில் விளைவது முந்திரி, மக்காச்சோளம், பருத்தி போன்றவைதான்.

திராட்சைத் தோட்ட ஊர்களுக்குச் சுற்றுலா போகச் சொல்லும் விளம்பரங்கள் எல்லாம் வெயில், சரிவு, சுண்ணாம்பு மண் என்றே பாடுகின்றன. அதனால்தான் இந்த ஒப்பீட்டைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாறையின் சுவை வேர்வழி ஏறிக் கோப்பைக்கு வந்துவிடுகிறது என்பதை வேல்ஸ் நாட்டு நிலவியலாளர் அலெக்ஸ் மால்ட்மன் போன்றவர்கள் ஏற்பதில்லை. மண் நீரை எப்படி வடிக்கிறது, எவ்வளவு தேக்கி வைக்கிறது என்பதே கொடிக்கு முக்கியம் என்கிறார்கள் அவர்கள். நாசிக்கைப் பாருங்கள். அங்கே இருப்பது எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கல்லும் கரிசலும். சுலா நிறுவனத்தின் முதல் ஒயின் 2000இல் வந்தது. 2001இல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று ஒரு கொள்கையை வகுத்தது. 2005 வாக்கில் சுலாவினர் தோட்டத்திலேயே உட்கார்ந்து சுவைத்துப் பார்க்க ஓர் அறை திறந்தார்கள், கூட்டம் வரத் தொடங்கியது. மண் அதற்கு முன்பும் அங்கேதான் இருந்தது. ஒரு திராட்சை ஊரை நாம் போய்ப் பார்க்கும் ஊராக்குவது, விளைந்ததை விளைந்த இடத்திலேயே உண்ணக் கிடைப்பதுதான். இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டால், கல்லங்குறிச்சியிலிருந்து புறப்படுகிறவருக்கு முதல் ஊர் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நாசிக் அல்ல. ஏறத்தாழ 300 கிலோமீட்டரில் இருக்கும் கம்பம்.

கம்பம் பள்ளத்தாக்கில் விளைவது பெரும்பாலும் பன்னீர்த் திராட்சை. விதையுள்ள, மெல்லிய தோல் கொண்ட கருந்திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் உலகப் பெயர். 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. கத்தோலிக்கத் திருப்பலிக்குத் திராட்சை இரசம் வேண்டும் என்பதால் அது நம்பக்கூடியதே. 2023இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஓடைப்பட்டி என்று ஊர் ஊராகப் பந்தல்கள். 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பள்ளத்தாக்கில்தான் இறங்குகிறது. குளிர்நாட்டுக் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும், ஆண்டுக்கு ஒருமுறைதான் காய்க்கும். இங்கே உறங்க வைக்கப் பனி இல்லை. கொடிக்கு நாள் குறிப்பது கவாத்துக் கத்திரி. கவாத்து செய்த நாளிலிருந்து சுமார் நான்கு மாதத்தில் பழம். இவர் தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது அடுத்தவர் தோட்டத்தில் பூ, அதற்கடுத்ததில் அறுவடை. நாசிக்கில் பழத்தைக் கொடியில் பார்க்க ஜனவரி முதல் மார்ச் வரைதான் போகவேண்டும். கம்பத்தில் எந்த மாதம் போனாலும் ஏதோ ஒரு பந்தலில் பழம் தொங்கும். வேலைக்கு லீவு கிடைப்பதையும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையையும் பார்த்துப் பயணம் போடுகிற நடுத்தரக் குடும்பத்துக்கு இது சின்ன வசதி அல்ல.

ஒயின் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நாசிக் போல ஒயினைச் சுவைக்க வைப்பதற்கென்று அமைந்த சுற்றுலா கம்பத்தில் வளரவில்லை. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937ஆம் ஆண்டினது. அதன்படி உரிமம் இல்லாமல் யாரும் தோட்டத்தில் ஒயின் தயாரித்து விற்க முடியாது. சில்லறை விற்பனை 2003இலிருந்து டாஸ்மாக் கையில். நம் ஊர்ப் பேச்சில் 'ஒயின்ஷாப்' என்றால் பிராந்தி விற்கும் கடை என்றுதான் பொருள். ஒயின் சுற்றுலா என்று வீட்டில் வாயைத் திறந்து சொல்ல முடியாததற்கு அந்தச் சொல்லே பாதிக் காரணம். அரிக்கமேட்டில் கிடைத்த உரோம மதுச் சாடிகளைப் பெருமையோடு காட்டுகிற நாட்டில் இந்த நிலை கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் இந்தக் குறையை நான் பெரிதாக எண்ணவில்லை. பன்னீர்த் திராட்சையின் பெருமை அதன் வாசனை. நொதித்து ஆறப்போட்ட புட்டியைவிடப் பறித்த அன்றைய பழத்திலும் பிழிந்த சாற்றிலும் அது நன்றாகத் தெரியும். மது எந்த அளவிலும் தீங்கற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் குடிக்காத பயணத்தைக் குறைப்பட்ட பயணம் என்று எண்ணுவதற்குக் காரணம் இல்லை. ஒயின்தான் வேண்டும் என்பவர் பெங்களூருக்கு அருகே நந்தி மலையடிவாரம் போகலாம். 1980களின் இறுதியில் கன்வல் குரோவர் பிரெஞ்சு வகைக் கொடிகளை நட்ட இடம் அது. வண்டி ஓட்டுபவர் மட்டும் குடிக்கக் கூடாது. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் மதுவைத் தாண்டினாலே குற்றம்.

ஒயினோடு சாப்பாட்டைச் சேர்த்துப் பேசும் வழக்கம் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சுட்ட இறைச்சியும் உள்ள சமையலில் வளர்ந்தது. அந்தக் கொழுப்பை அறுக்கத்தான் புளிப்பும் துவர்ப்பும் உள்ள பானம். நம் குழம்பில் புளிப்பு முன்பே இருக்கிறது, ரசத்தில் இன்னும் கொஞ்சம். மிளகாய்க் காரத்தின் மேல் மதுவின் எரிவும் சேர்ந்தால் நாக்கு இரண்டையும் வெறுத்துவிடும். நம் சாப்பாட்டுக்குத் திராட்சையைச் சேர்க்கும் வழியைக் கல்யாணப் பந்தியில் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்: தயிர்சாதம். தயிரின் புளிப்பு, கடுகும் பச்சை மிளகாயும் தாளித்த காரம், நடுவில் கடிபடும் ஒரு பழம். இதற்குமேல் எந்த வல்லுநரும் இணை சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பயணத்தை உணவின் வரிசையில் போடுவதே முறை. திருச்சியைத் தாண்டினால் மணப்பாறை முறுக்கு, அதற்கும் 2023இல்தான் புவிசார் குறியீடு வந்தது. திண்டுக்கல்லில் மதியம், சீரகச் சம்பாப் பிரியாணி. தேனிப் பக்கம் மாம்பழக் காலமென்றால் பெரியகுளம், ஏலக்காய்க்குப் போடி. கம்பத்திலிருந்து மலையேறினால் ஒரு மணி நேரத்துக்குள் குமுளி. அங்கே கப்பையும் மீன்கறியும். ஒரே பயணத்தில் இரண்டு சமையல் நாடுகள்.

திராட்சை என்பது விவசாயம்தானே, அதில் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்றும் கேட்பார்கள். தேக்கடிக்கு வருகிற மலையாளிகள் கூடலூர்ப் பக்கம் இறங்கிப் பந்தலுக்கடியில் படம் எடுத்து, சாறு குடித்து, பெட்டியோடு திரும்புவது இதற்குப் பதில். நமக்குப் பழகிய பந்தல் அவர்களுக்குக் காட்சி. வெயில் என்ற தயக்கம் பாதிதான் உண்மை. பந்தலுக்கு வெளியே கண் கூசும், உள்ளே இலைக்கூரை வழியாகப் பச்சை வெளிச்சம்தான் விழும். மூன்றாவது தயக்கம்தான் எனக்குக் கனமாகப் படுகிறது: கூட்டம் வந்தால் விவசாயிக்குத் தொந்தரவு. பழுத்த கொத்தில் கை பட்டாலே மேல்பூச்சு கலைந்து சந்தையில் மதிப்பு குறையும். கேட்காமல் பறிப்பது திருட்டே. மருந்து அடித்த பந்தலில் பறித்த கையோடு வாயில் போட்டுக்கொள்வது முட்டாள்தனமும்கூட. பார்வையாளரை அனுமதிக்கும் தோட்டத்துக்கு மட்டும் போவது, அங்கேயே காசு கொடுத்து வாங்குவது, கழுவிச் சாப்பிடுவது. இதைச் செய்தால் தரகு இல்லாத விற்பனை விவசாயிக்கும் லாபம்தான்.

காலத்தைப் பொறுத்தவரை ஐப்பசி, கார்த்திகையைத் தள்ளிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் பழம் வெடிக்கும், அடிச்சாம்பல் நோய் இலையைப் பிடிக்கும். அந்த நேரத்தில் விருந்தாளியை வரவேற்கிற மனநிலையில் தோட்டக்காரர் இருக்கமாட்டார். தைப் பொங்கலை ஒட்டிப் போவது நல்லது. பென்னிகுவிக்கின் பிறந்தநாள் ஜனவரி 15, லோயர் கேம்பில் அவருடைய மணிமண்டபத்தில் கூட்டம் கூடும். காரில்லாதவர் அரியலூரில் வைகை எக்ஸ்பிரஸ் ஏறி மதுரை போய், அங்கிருந்து போடி ரயிலில் தேனியில் இறங்கலாம். அகலப்பாதை 2023 ஜூனில் போடி வரை வந்துவிட்டது. இரண்டு இரவு போதும். முதல் நாள் சுருளி அருவி, இரண்டாம் நாள் தோட்டம். பழத்தை மட்டும் கடைசிக் காலையில் வாங்குங்கள். பன்னீர்த் திராட்சை காம்பைச் சீக்கிரம் விடும். அடியில் வைக்கோலோ செய்தித்தாளோ போட்டு, மேலே எதையும் ஏற்றாமல் கொண்டுவந்தால் இருட்டுவதற்குள் கல்லங்குறிச்சியில் இறக்கிவிடலாம். மறுநாள் மதியத் தயிர்சாதம் வரை தாங்கும்.